செல்வழிச் சோதனையின் தானியக்கம்: செயல்முறையும் வணிக மதிப்பும் – சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்தாய்வை முன்வைத்து

திறவுச்சொற்கள்: செல்வழிச் சோதனை, தானியக்கம், நுண்குழித்தட்டு, உடனொளிர்வு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், அறிவியல் தமிழ்

முன்னுரை

புதிய மருந்தொன்றைக் கண்டறியும் பணி, பல்லாயிரக்கணக்கான வேதிச் சேர்மங்களுள் பயன்தரக்கூடிய ஒன்றிரண்டைத் தேடி எடுப்பதில் தொடங்குகிறது. அத்தேடலை நோயாளியின் உடலில் நிகழ்த்த இயலாது. விலங்குகளின் உடலிலும் அத்தனை முறை நிகழ்த்துவது இயலாத செயல். ஆகவே உடலுக்கு வெளியே, நெகிழிக் கலத்தில் வளர்க்கப்படும் உயிருள்ள செல்களிடம் அவ்வினா வைக்கப்படுகிறது. ஒரு சேர்மத்தைச் சேர்த்தவுடன் செல் என்ன செய்கிறது என்பதை எண்ணாக அளந்து கூறுவதே செல்வழிச் சோதனை. அவ்வளவீட்டை மனிதக் கையின் துணையின்றி, எந்திரங்களின் வரிசை ஒன்று நாள் முழுதும் செய்வது அதன் தானியக்கம்.

இத்தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் வியப்பது அதன் வேகத்தையே. வேகம் உண்மைதான். எனினும் இதன் வணிக மதிப்பைத் தீர்மானிப்பது, செல் தரும் விடையை எந்த அளவிற்கு நம்பலாம் என்னும் வினாவே என்று இக்கட்டுரை கருதுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய்க்கு மருந்து கண்ட வரலாறு இதற்குத் தெளிவான சான்றாக அமைவதால், அதனை முன்வைத்துச் செயல்முறையும் வணிகமும் இங்கு விளக்கப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

இவ்வகைச் சோதனையைக் குறிக்கும் 'அஸே' என்னும் ஆங்கிலச் சொல், பொன் வெள்ளி முதலியவற்றின் தூய்மையை அறியும் சோதனையை நெடுங்காலமாகக் குறித்துவருவது. தமிழிலும் இக்கருத்து புதியதன்று. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல், கட்டளைக்கல் என்னும் பெயரில் திருக்குறளிலேயே இடம்பெறுகிறது. பொற்கொல்லர் ஐயத்திற்குரிய பொன்னைக் கல்லில் உரைத்து, மாற்று முன்பே தெரிந்த பொன்னின் கோட்டினை அதனருகில் இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவர். கல் தானாக எதனையும் சொல்வதில்லை. தெரிந்த ஒன்றோடு தெரியாத ஒன்றை வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசுகிறது. இன்றைய செல்வழிச் சோதனையின் அடிப்படையும் இதுவேயாகும் என்பது பின்னர்ப் புலப்படும்.

'செல்' என்னும் சொல்லாட்சி குறித்தும் சிறிது கூறவேண்டும். தமிழகப் பாடநூல்கள் 'செல்' என்றே வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'கலம்' என்பது நிலைபெற்றுள்ளது. 'உயிரணு' அழகிய ஆக்கம். ஆயினும் மக்கள் வழக்கில் அது பெரும்பாலும் ஆணின் விந்தணுவைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. 'கலம்' என்பதோ, சோதனைக்கூடக் கலங்களைப் பற்றி ஓயாது பேசவேண்டிய இக்கட்டுரையில் குழப்பம் விளைக்கும். எனவே 'செல்' என்பதே இங்குக் கையாளப்படுகிறது.

நோயும் வினாவும்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமான மரபணுவை லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1989-இல் கண்டறிந்தன. அம்மரபணு, சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதத்தை உருவாக்குவது. 1,480 அமினோ அமிலங்களால் ஆன அப்புரதம், செல் சவ்வில் குளோரைடு அயனிகள் சென்றுவரும் ஒரு கால்வாயாக அமைகிறது. கால்வாய் பழுதுற்றால் உப்பும் நீரும் முறைப்படி நகர்வதில்லை. நுரையீரலில் சளி தடித்துத் தேங்குகிறது. தொற்று மீண்டும் மீண்டும் வந்து நுரையீரலைச் சிதைக்கிறது. மிகுதியாகக் காணப்படும் திடீர்மாற்றம் 508-ஆம் இடத்திலுள்ள ஃபீனைல்அலனின் என்னும் ஒரே அமினோ அமிலம் விடுபட்டுப்போவது. இதனை எஃப்508டெல் என்பர். இவ்வகையில் புரதம் தவறாக மடிந்து, சவ்வை அடையும் முன்பே செல்லால் அழிக்கப்படுகிறது. ஜி551டி என்னும் மற்றொரு வகையில் புரதம் சவ்வை அடைந்துவிடுகிறது. ஆனால் கால்வாய் திறப்பதில்லை.

ஆகவே மருந்தாய்வாளர்முன் நின்ற வினா எளியது: மூடிய கால்வாயைத் திறக்கும் சேர்மம் எது? தூய்மைப்படுத்திய புரதத்தைச் சோதனைக்குழாயில் இட்டு இவ்வினாவைக் கேட்டுப் பயனில்லை. கால்வாய் சவ்வில் பதிந்திருக்கவேண்டும். சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு நிலவவேண்டும். செல் உயிரோடு இருக்கவேண்டும். தூய புரதத்தின்மேல் செயற்படும் சேர்மம் செல்லினுள் நுழைய இயலாததாகவோ, செல்லைக் கொல்வதாகவோ இருக்கக்கூடும். செல்வழிச் சோதனையில் இவை அனைத்தும் ஒரே வேளையில் தெரிந்துவிடுகின்றன. எங்கு, எவ்வாறு செயற்பட்டது என்பது மட்டும் உடனே தெரிவதில்லை.

செல் ஒளியால் விடையளித்தல்

குளோரைடு அயனியைக் கண்ணால் காண இயலாது. அதன் ஓட்டத்தை ஒளியாக மாற்றும் வழியை, பின்னாளில் (2008) வேதியியல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் சியனும் ஹெசூஸ் கோன்சாலெஸும் 1995-இல் வெளியிட்டனர். அம்முறையில் இரண்டு சாயங்கள் உள்ளன. ஒன்று செல் சவ்வின் வெளிப்புறத்தில் நங்கூரமிட்டதுபோல் நிலையாக நிற்பது. நீல ஒளி உமிழ்வது. மற்றொன்று எதிர்மின் சுமையுடையது. சவ்வின் இரு பக்கங்களுக்கிடையே இடம்பெயரக்கூடியது. ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மையுடையதாதலால், எதிர்மின் சுமையுள்ள அச்சாயம் உள்ளே செல்லாது வெளிப்புறத்திலேயே, முதற்சாயத்தின் அருகில், தங்கிவிடும். அப்போது முதற்சாயம் பெற்ற ஆற்றல் இரண்டாவதற்குத் தாவி, நீலத்திற்கு மாற்றாகச் செம்மஞ்சள் ஒளி எழும்.

இனி, செல்லைச் சூழ்ந்துள்ள திரவத்தில் குளோரைடு நீக்கப்பட்டதெனக் கொள்வோம். கால்வாய் திறந்திருந்தால் உள்ளிருக்கும் குளோரைடு வெளியேறும். எதிர்மின் சுமை வெளியேறுவதால் உட்புறத்தின் எதிர்மின் தன்மை குறையும். இரண்டாம் சாயம் சவ்வின் உட்பக்கத்திற்கு நகரும். இரு சாயங்களும் பிரிந்துவிடுவதால் ஆற்றல் தாவுதல் தளர்ந்து, நீல ஒளி மிகும். கால்வாய் திறக்காவிடில் இம்மாற்றம் எதுவும் நிகழாது. நீல ஒளிக்கும் செம்மஞ்சள் ஒளிக்கும் உள்ள விகிதமே விடை. தனி ஒளியளவைக் கொள்ளாது விகிதத்தைக் கொள்வதில் நுட்பமான பயன் ஒன்றுண்டு. ஒரு குழியில் செல்கள் சற்றுக் கூடுதலாகவும் மற்றொரு குழியில் குறைவாகவும் இருந்தாலும் இரு நிறங்களும் ஒருசேரக் கூடும் அல்லது குறையும். விகிதம் பெரிதும் மாறுவதில்லை.

எஃப்508டெல் புரதம் சவ்வை அடைவதேயில்லை என்னும்போது, அதன் கால்வாயைத் திறக்கும் சேர்மத்தை எவ்வாறு சோதிப்பது? செல்களை 37 பாகைக்கு மாறாக 27 பாகை செல்சியசில் வைத்திருந்தால் அப்புரதத்தின் ஒரு பகுதி சரியாக மடிந்து சவ்வை அடையும் என்பது 1992-லேயே கண்டறியப்பட்டிருந்தது. கால்வாய் திறக்கும் சேர்மங்களைத் தேடியபோது இவ்வாறு குளிர்ந்த வெப்பநிலையில் வைத்த செல்கள் பயன்பட்டன. புரதத்தைச் சவ்விற்குக் கொண்டுசேர்க்கும் சேர்மங்களைத் தேடியபோது வழக்கமான வெப்பநிலையே கொள்ளப்பட்டது. கேட்கும் வினாவிற்கேற்பச் செல்லின் நிலையை அமைத்துக்கொள்ளும் இவ்வடிவமைப்பில்தான் சோதனையின் அறிவு அடங்கியுள்ளது. எந்திரம் அதற்குப் பின்னரே வருகிறது.

நுண்குழித்தட்டும் எந்திரக்கையும்

தானியக்கத்திற்கு அடிப்படையான பொருள் மிக எளியது: சிறு குழிகள் கொண்ட ஒரு நெகிழித்தட்டு. அங்கேரி நாட்டு மருத்துவர் ஜியூலா தகாச்சி 1951-இல் இதனை உருவாக்கினார். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டாக 96 குழிகள் கொண்ட தட்டே நெடுங்காலம் வழக்கிலிருந்தது. பின்னர் அதே பரப்பில் 384 குழிகளும், அதன்பின் 1,536 குழிகளும் அமைக்கப்பட்டன. தட்டின் நீளம் 127.76 மில்லிமீட்டர், அகலம் 85.48 மில்லிமீட்டர் என வரையறுக்கப்பட்டிருப்பதால் ஒரு நிறுவனத்தின் தட்டை மற்றொரு நிறுவனத்தின் எந்திரம் தடையின்றிப் பற்றி எடுக்கிறது. குழிகள் நெருங்க நெருங்கத் திரவத்தின் அளவு குறைகிறது: 96 குழித்தட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர் அளவில் தேவைப்பட்டது, 1,536 குழித்தட்டில் 10 மைக்ரோலிட்டருக்கும் குறைவாகிறது. சாயமும் சேர்மமும் செல்லும் விலை மிக்கவை. செலவு குறைவதற்குத் தலையாய காரணம் இச்சுருக்கமே.

எந்திர வரிசையின் பணிகள் இவை. செல்களைத் தட்டில் விதைக்கும் கருவி, குழிதோறும் ஒரே எண்ணிக்கை அமையுமாறு பகிர்கிறது. தட்டுகள் வெப்பமும் ஈரப்பதமும் கரியமிலவாயுவும் காக்கப்படும் வளர்ப்புப் பெட்டியில் ஓரிரவு தங்குகின்றன. மறுநாள் எந்திரக்கை தட்டினை எடுத்துச் சாயம் ஊற்றும் நிலையத்திற்குக் கொண்டுசெல்கிறது. சேர்மம் சேர்க்கப்படுகிறது; இதற்கு முன்பு நுண்முனைக் குழாய்களே பயன்பட்டன, இன்று ஒலியலையால் 2.5 நேனோலிட்டர் துளியை எதனையும் தொடாது மேலே தெறிக்கச் செய்யும் கருவிகளும் உள்ளன. இறுதியில் ஒளிமானி தட்டின் எல்லாக் குழிகளையும் ஒரே நேரத்தில் நோக்கி, நொடிக்கு நொடி ஒளி மாறுவதைப் பதிகிறது.

வெர்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கால்வாய் திறக்கும் சேர்மத்தைத் தேடும் முயற்சியில் ஏறத்தாழ 2,28,000 சேர்மங்கள் சோதிக்கப்பட்டன. 96 குழித்தட்டில் 80 குழிகளைச் சேர்மங்களுக்கு ஒதுக்கினால் இதற்கு 2,850 தட்டுகள் வேண்டும். 384 குழித்தட்டில் 352 குழிகளை ஒதுக்கினால் 648 தட்டுகள் போதும். ஒரு மனிதர் கையால் இதனைச் செய்ய முற்பட்டால் காலம் மட்டுமே இடர்ப்பாடாக இராது. முதல் தட்டில் இருந்த கையின் நிதானம் ஐந்நூறாவது தட்டில் இராது.

நம்பகத்தை அளத்தல்

ஒவ்வொரு தட்டிலும் சில குழிகள் சேர்மங்களுக்கு ஒதுக்கப்படாமல் விடப்படுவதன் காரணம் இங்கு விளங்கும். அவற்றுள் சில, கால்வாய் உறுதியாகத் திறக்கும் என அறியப்பட்ட பொருளைக் கொண்டவை. சில, எதுவும் நிகழாது என அறியப்பட்டவை. பொற்கொல்லர் அருகில் இழுத்த அந்த இரண்டாவது கோடு இவையே. இவ்விரு குழுக்களின் சராசரிகள் எவ்வளவு விலகி நிற்கின்றன, ஒவ்வொரு குழுவும் தனக்குள் எவ்வளவு சிதறுகிறது என்பவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கும் முறையைச் சாங், சங், ஓல்டன்பர்க் ஆகியோர் 1999-இல் முன்மொழிந்தனர். அது இசட்-பிரைம் காரணி எனப்படும். இரு குழுக்களின் திட்டவிலக்கங்களைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, சராசரிகளின் வேறுபாட்டால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்கவேண்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: திறந்த குழிகளின் சராசரி 1,000, திட்டவிலக்கம் 50, மூடிய குழிகளின் சராசரி 200, திட்டவிலக்கம் 30 எனின், காரணி 0.7. சராசரிகள் அவ்வாறேயிருக்க, சிதறல் மட்டும் இரு மடங்கானால் காரணி 0.4-ஆக வீழ்கிறது. 0.5-ஐத் தாண்டிய சோதனையே பெருந்தொகைத் தேடலுக்குச் சிறந்ததெனக் கொள்வது வழக்கம். சராசரிகள் சிறிதும் மாறாதபோதும் சோதனை தகுதியிழப்பது இங்குக் கவனிக்கத்தக்கது. தானியக்கத்தின் முதற்பயன் சிதறலைக் குறைப்பதே. வேகம் அதன் உடன்விளைவு எனலாம்.

சிதறலுக்குக் காரணங்கள் பல. தட்டின் விளிம்புக் குழிகளில் நீர் விரைந்து ஆவியாகும். சேர்மங்களைக் கரைக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு மிகுந்தால் செல்கள் நலிவுறும். சில சேர்மங்கள் தாமே ஒளிரும் இயல்புடையவை. அவை கால்வாயைத் திறக்காமலே திறந்ததுபோல் காட்டும். எல்லாவற்றினும் பெரிய இடர், செல் தான் சொல்லிக்கொள்ளும் செல்லாக இல்லாமற்போவது. 1951-இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் புற்றுத்திசுவிலிருந்து பெறப்பட்ட ஹீலா செல்கள், பிற செல்வரிசைகளிற் கலந்து அவற்றை மூடி வளர்ந்துவிட்ட செய்தி அறிவியலுலகம் நன்கறிந்தது. எந்திரம் எத்துணைத் துல்லியமானதாயினும் தவறான செல்லைத் துல்லியமாக அளந்து பயனில்லை.

இதனால் தட்டில் தட்டுப்பட்ட சேர்மங்கள் அப்படியே மருந்தாவதில்லை. மேற்குறித்த தேடல், மனிதப் புரதம் புகுத்தப்பட்ட சுண்டெலிச் செல்களில் நிகழ்ந்தது. அதில் தேறியவை வேதியியலாரால் பன்முறை மாற்றியமைக்கப்பட்டு, நோயாளிகளின் மூச்சுக்குழாயிலிருந்து பெற்ற செல்களில் மீண்டும் சோதிக்கப்பட்டன. இப்படி உருவானதே ஐவாகாஃப்டர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 சனவரியில் ஜி551டி வகை நோயாளிகளுக்கு அதனை ஏற்றது. அமெரிக்காவில் அப்போது அறியப்பட்டிருந்த ஏறத்தாழ 30,000 நோயாளிகளுள் அவ்வகையினர் 4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,200 பேர்.

பணம் வந்த வழியும் சென்ற வழியும்

இத்தேடலுக்குரிய சோதனைமுறையைத் தானியக்கமாக்கியது சான் டியாகோ நகரிலிருந்த அரோரா பயோசயன்சஸ். சியன் இதன் நிறுவனர்களுள் ஒருவர். அந்நிறுவனத்தை இந்நோயின்பால் திருப்பியது நோயாளிகளின் குடும்பங்களை அடித்தளமாகக் கொண்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை. நோயாளிகள் எண்ணிக்கையிற் குறைவானவர்; பெருமருந்து நிறுவனங்களுக்கு அவர்கள் ஒரு சந்தையாகத் தோன்றவில்லை. எனவே அறக்கட்டளை தானே 2000-இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் அளிக்க முன்வந்தது. 2001-இல் வெர்டெக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 59 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அரோராவை வாங்கியது.

மருந்து வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை ஆண்டொன்றுக்கு 2,94,000 டாலர். அறக்கட்டளை தனக்குரிய உரிமத்தொகை உரிமையை 2014-இல் 330 கோடி டாலருக்கு விற்றது. அத்தொகையின் பெரும்பகுதி மீண்டும் ஆய்விற்கே செல்லும் என்பது உண்மை. ஆயினும் நோயாளிகளின் நன்கொடையால் பிறந்த மருந்தின் விலை உயர உயர நோயாளிகளின் அமைப்பே பயனடையும் நிலை ஏற்பட்டது என்பதும் மறைக்கத்தக்கதன்று. இங்கிலாந்தில் இதே வரிசையின் இரண்டாம் மருந்தான ஆர்காம்பி 2015-இல் உரிமம் பெற்றும், விலை இணக்கம் ஏற்பட 2019 அக்டோபர் வரை நோயாளிகள் காத்திருந்தனர். வெர்டெக்ஸ் நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு மருந்து விற்பனை வருவாய் ஏறத்தாழ 987 கோடி டாலர். அது ஏறக்குறைய முழுவதும் இந்நோயின் மருந்துகளால் வந்தது. சந்தையே இல்லை எனப்பட்ட இடத்தில் இத்தொகை ஈட்டப்பட்டது.

சோதனையே சான்றாதல்

வணிக நோக்கில் 2012-ஐவிட 2017-ஆம் ஆண்டு முதன்மையானது. சி.எஃப்.டி.ஆர். மரபணுவில் நோய் விளைக்கும் திடீர்மாற்றங்கள் பல நூறு உள்ளன. அவற்றுட் பலவற்றை உடையோர் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அத்தகையோரைத் திரட்டி மருத்துவ ஆய்வு நடத்துவது இயலாது. ஆகவே ஒவ்வொரு திடீர்மாற்றத்தையும் எலியின் தைராய்டு செல்லில் தனித்தனியே புகுத்தி, மருந்து சேர்த்ததும் குளோரைடு ஓட்டம் எவ்வளவு மிகுகிறது என்று அளந்தனர். இயல்பான ஓட்டத்தில் குறைந்தது 10 விழுக்காடு அளவிற்கு அது மிகுந்தால், அத்திடீர்மாற்றம் மருந்திற்கு இணங்குவது எனக் கொள்ளப்பட்டது. இவ்வாய்வகத் தரவினை ஏற்று, அமெரிக்க நிர்வாகம் 2017 மே மாதத்தில் மருந்திற்குரிய திடீர்மாற்றங்களின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து 33-ஆக உயர்த்தியது. அதனால் ஏறத்தாழ 900 நோயாளிகள் புதிதாகத் தகுதி பெற்றனர்.

அவர்கள் அனைவரும் 2012-இன் பட்டியல் விலையிலேயே மருந்து பெறுவதாகக் கொண்டு கணக்கிட்டால் ஆண்டுக்கு 26 கோடி டாலருக்கு மேல் வருகிறது. உண்மையில் பெறப்படும் தொகை இதனின் வேறுபடும். எனினும் ஒரு செல்வழி அளவீட்டின் வணிக எடை என்ன என்பதற்கு இக்கணக்கு ஓர் அளவுகோலாகும். அதுவரை தேடுகருவியாக மட்டும் இருந்த சோதனை, உரிமம் வழங்குவதற்குரிய சான்றாக உயர்ந்தது. அதனுடன் 10 விழுக்காடு என்னும் எல்லைக்கோடும் ஒரு புதிய பொருளைப் பெற்றது. 11 காட்டிய திடீர்மாற்றத்தை உடையவர் மருந்து பெறுவார். 9 காட்டியதை உடையவர் பெறார். அளவீட்டின் சிதறல் பற்றிய முற்கூறிய புள்ளியியல் இவ்விடத்தில் ஒருவரின் மூச்சைப் பற்றியதாகிவிடுகிறது.

வணிகத்தின் பிற கிளைகள்

இத்துறையில் பணம் ஈட்டுவோர் மருந்து நிறுவனத்தார் மட்டுமல்லர். கருவி செய்வோர் உளர். ஒளிமானிகளுக்குப் பெயர்பெற்ற மாலிக்யூலர் டிவைசஸ் நிறுவனம் 2007-இல் 61.5 கோடி டாலருக்கு விலைபோனது. கருவி ஒருமுறை விற்கப்படுவது. தட்டும் சாயமும் நுண்முனைகளும் நாள்தோறும் தீர்ந்துபோவன. நிலையான வருவாய் பின்னவற்றிலிருந்தே வருகிறது.

பாதுகாப்புச் சோதனை மற்றொரு பெருங்கிளை. ஒவ்வாமைக்கு வழங்கப்பட்ட டெர்ஃபெனடின், இதயச் செல்களின் ஹெர்க் எனப்படும் பொட்டாசியம் கால்வாயை அடைத்துச் சிலரின் இதயத்துடிப்பைக் குலைத்ததால் 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. புதிய சேர்மங்கள் இக்கால்வாயைத் தாக்குகின்றனவா என்று பார்ப்பதை 2005-ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை வழக்கமாக்கியது. ஒரு திறமையான ஆய்வாளர் நாளொன்றுக்குச் சில செல்களையே அளக்கக்கூடிய அம்மின்னளவீட்டைத் தானியக்கக் கருவிகள் நூற்றுக்கணக்கான செல்களில் ஒருசேரச் செய்கின்றன. விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் நிலையை அமெரிக்கச் சட்டம் 2022 திசம்பரில் தளர்த்தியதும், இந்தியாவின் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2023-இல் மனிதச் செல்வழி முறைகளுக்கு இடமளித்ததும் இக்கிளையை மேலும் வளர்க்கும். எனினும் விதி இடமளிப்பதால் மட்டும் அளவீடு நம்பத்தக்கதாகிவிடாது. விலங்கிற்கு மாற்றாகும் செல், விலங்கைவிட மனித உடலை நன்கு முன்னறிவிக்கிறது என்பது சோதனைதோறும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியது.

ஒளி மாறாத குழிகள்

மூன்று சேர்மங்களை இணைத்த டிரைகாஃப்டா 2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. 2020 திசம்பரில், இதுவும் செல்வழித் தரவின் துணைகொண்டு, மேலும் 177 திடீர்மாற்றங்களுக்கு விரிவாக்கப்பட்டது. இவற்றால் மேலைநாட்டு நோயாளிகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர்க்கு மருந்து உண்டு. எஞ்சியோருள் பலரின் மரபணுவில் புரதத்தின் ஆக்கமே இடையில் நின்றுவிடுகிறது. திறப்பதற்குக் கால்வாய் இல்லை. சவ்விற்குக் கொண்டுசேர்ப்பதற்குப் புரதமும் இல்லை. அவர்களின் செல்களைத் தட்டில் விதைத்து, இதே இரு சாயங்களை ஊற்றி, இந்த வகைச் சேர்மங்களைச் சேர்த்தால் ஒளிமானி காட்டுவது செம்மஞ்சள் மட்டுமே. அங்குக் கேட்கப்படவேண்டிய வினா வேறு. அவ்வினாவிற்கு வேறொரு சோதனையை முதலிலிருந்து அமைக்கவேண்டியுள்ளது.